மிஷின் நின்றால்

ஐஸ் ஆலைக்கு மேல் மாடியில் குடியிருந்தால் காது ஒரு தினுசாகப் பழகிவிடும். கீழே கம்ப்ரஸர் தடதடவென்று ஓடுகிறவரை நிம்மதியாகத் தூங்கலாம். அது நின்றுவிட்டால்தான் தூக்கிவாரிப்போடும். அண்ணிக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதே பழக்கம். மிஷின் ஓடும்போது கட்டில், சுவர்க் கண்ணாடி, அலமாரியில் கவிழ்த்து வைத்த டம்ளர் எல்லாம் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் நிலநடுக்கமோ என்று எழுந்து வாசலுக்குப் போவார்கள். "உக்காருங்க, இது ஆடினாத்தான் எங்களுக்குச் சாப்பாடு" என்பாள் அண்ணி.

கொழுந்தன் கூப்பிட்டதைக் கேட்டு ஆலை ஆட்கள் அண்ணி என்றார்கள். ஆட்கள் கூப்பிட்டதைக் கேட்டுப் படகுக்காரர்கள் அண்ணி என்றார்கள். அவளைவிட வயதில் பெரியவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் யாரையும் திருத்தப் போகவில்லை.

அந்த வீட்டில் இன்னொரு சத்தமும் உண்டு. அண்ணியின் வீட்டுக்காரர். துறைமுகத்தில் அவருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் பல் விளக்கும்போது ஆரம்பித்தால் படுக்கிறவரை ஓடும். ஐஸ் விற்பது, ஆள் பிடிப்பது, மெக்கானிக்கைத் திட்டுவது, திட்டிய மெக்கானிக்கைச் சமாதானப்படுத்துவது எல்லாமே வாயால்தான். மிஷின் பக்கம் போகமாட்டார். அதை அண்ணி பார்த்துக்கொண்டாள். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் எந்த வரிசைக் கேன் எப்போது உறையும், எதை எப்போது சங்கிலியில் தூக்கவேண்டும் என்பதெல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம்.

அந்த ரேடியோவின் தொண்டையில் கட்டி வந்தது. நல்லவேளையாகக் கெட்ட கட்டி இல்லை. ஓயாமல் கத்தியதால் வந்தது என்றார் டாக்டர். எடுத்தாயிற்று. ஆனால் தான் சொல்கிறவரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுப்பதும் கூடாது, அது பேசுவதைவிட மோசம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குளிர்ச்சியாக ஏதாவது சப்பிக்கொண்டிருக்கலாமாம். ஐஸ் ஆலைக்காரருக்கு ஐஸே மருந்தாக வந்ததைச் சொல்லிச் சொல்லி ஆட்கள் சிரித்தார்கள். திருப்பிச் சொல்ல முடியாமல் அவர் முகம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார். எழுதிக் காட்டலாம்தான். எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடுகிறது என்று பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டார். ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு டம்ளரில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. விடாமல் தட்டினால் யாரையோ திட்டுகிறார்.

மீன் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது இந்தச் சமயம் பார்த்துத்தான்.

துறைமுகச் சாலையில் புதிதாக எழும்பிய கம்பெனி அது. மீனைச் சுத்தம் செய்து பெட்டியில் அடைத்து வெளியூர் அனுப்புகிறார்கள். தினமும் ஐஸ் வேண்டும். அண்ணிக்கும் அந்தக் கம்பெனி வேண்டும். கீழே ஓடுகிற கம்ப்ரஸர் அவள் கல்யாணத்துக்கு முன்பே வயதாகிப்போனது. புது மிஷினுக்குக் கடன் கேட்டுப் போனபோது, நிலையாக வாங்குகிற ஒரு கம்பெனியின் ஒப்பந்தத்தைக் கொண்டுவாருங்கள், தருகிறோம் என்று பேங்கில் சொல்லியிருந்தார்கள். ஒப்பந்தம் வந்தால் மிஷின் வரும். வராவிட்டால் இந்தப் பழசு எத்தனை நாள் தாங்குகிறதோ அத்தனை நாள். அப்புறம் ஆலையை மூடவேண்டியதுதான். ஆலையை மூடினால் மாடி மட்டும் எப்படி நிற்கும். ஆட்களுக்கும் அவர்கள் வீடுகளுக்கும் அதே கதிதான்.

"நீங்கதான் பேசணும் அண்ணி" என்றான் கொழுந்தன். ஐஸ் வண்டி ஓட்டுகிறவன்.

"நானா? நான் மிஷினோட பேசுவேன். மனுஷங்களோட உங்க அண்ணன்தானே பேசுவாரு."

ரேடியோ டம்ளரில் ஒரு தடவை தட்டினார்.

"அப்ப நானும் கூட வரேன். விலையை நான் பாத்துக்கறேன்" என்றான் கொழுந்தன். ரேடியோ இரண்டு தடவை தட்டினார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

கம்பெனி வாசலில் ரப்பர் பூட்ஸுகள் வரிசையாக நின்றன. உள்ளே பிளீச்சிங் பவுடர் வாடையும் அதை மீறிக்கொண்டு மீன் வாடையும். மாடியறையில் ஏசி ஓடியது. மேஜைக்கு அந்தப் பக்கம் கொள்முதல் மேடம், கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண். பக்கத்தில் கம்பெனி வக்கீல், லேப்டாப்போடு. இந்தப் பக்கம் அண்ணி, ஒரு கையில் குளிர்ந்த பிளாஸ்கோடு ரேடியோ, புதுச்சட்டையில் கொழுந்தன்.

கொழுந்தன் தான் எழுதி வந்த விலையை நீட்டினான். மேடம் வாங்கிப் படித்தாள். படித்துக்கொண்டே இருந்தாள். அறையில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அமைதி பழக்கமில்லை. கீழே மிஷின், மேலே அண்ணன் என்று வளர்ந்தவன் கொழுந்தன். யாரும் பேசாவிட்டால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றுதான் அவனுக்குத் தோன்றும். நெளிந்தான். கழுத்துப் பட்டனைக் கழற்றினான்.

"ஜாஸ்தியாத் தெரிஞ்சா கொஞ்சம் குறைச்சுக்கலாம் மேடம்" என்று புது விலையைச் சொன்னான்.

மேடம் நிமிரவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"சரி, இதுக்குமேல முடியாது மேடம்" என்று இன்னும் ஒரு படி இறங்கினான்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினாள். "நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே தம்பி. படிச்சுட்டிருக்கேன்."

ரேடியோ தலையில் கைவைத்துக்கொண்டார். அண்ணி மேஜைக்குக் கீழே கொழுந்தனின் தொடையைக் கிள்ளினாள். அத்தோடு அவன் வாய் மூடியது.

அடுத்து எடை வந்தது. கம்பெனித் தராசில் நிறுத்து, அந்த எடைக்குத்தான் கணக்கு என்று வக்கீல் படித்தார். மெல்லிய குரல், நிறுத்தி நிறுத்தி நன்றாகப் படித்தார். அண்ணிக்கு இங்கே பயம் போய்விட்டது. ஐஸைப் பற்றிய பேச்சுதானே.

"சார், ஐஸ் எங்க வாசல்ல ஒரு எடை, உங்க வாசல்ல ஒரு எடை. வழியில கரையறது எங்க பாடு, ஒத்துக்கறேன். ஆனா உங்க கேட்ல வண்டியை நிறுத்தி வச்சா? செக்யூரிட்டி தம்பி மேல ஆபீசுக்குப் போன் பண்ணி, அவங்க கீழ போன் பண்ணி, சீட்டு வரதுக்குள்ள வெயில்ல பாதிக் கட்டி தண்ணியாப் போயிடும். அது யாரு பாடு?"

வக்கீல் மேடத்தைப் பார்த்தார். மேடம் லேசாகச் சிரித்தாள். "அவங்க சொல்றது நியாயம். நம்ம கேட் அப்படித்தான் இருக்கு."

வண்டி கேட்டுக்கு வந்து கால் மணி நேரத்துக்குள் நிறுக்கவேண்டும், தாமதமானால் ஆலை வாசலில் எழுதிய எடையே செல்லும் என்று வக்கீல் அங்கேயே தட்டினார். தான் வாயால் சொன்னது அடுத்த நிமிஷம் இவ்வளவு ஒழுங்கான வாக்கியமாகத் திரையில் வந்து நிற்பதை அண்ணி ஆசையோடு பார்த்தாள். படித்த பிள்ளை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் அந்த வரி வந்தது. வக்கீல் படித்தார்: "எந்தவொரு நாளிலும் ஐஸ் வழங்கத் தவறினால் கம்பெனி உடனடியாக ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஏற்படும் நஷ்டத்தை வழங்குபவரின் சொத்திலிருந்து ஈடுசெய்துகொள்ளலாம்."

"மீன் கெட்டுப்போனா லாரி லாரியா கொட்டணும். அதான் இந்த வரி" என்றாள் மேடம். "உங்க மிஷின் எப்படி? நின்னதுண்டா?"

"சேச்சே, நின்னதே இல்ல மேடம்" என்றான் கொழுந்தன்.

ரேடியோ பிளாஸ்கை ஒரு தடவை தட்டினார். ஆமாம், நிற்காது.

எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அவளுக்கு அந்த வரி ஒன்றுதான் கண்ணில் நின்றது. சொத்து என்று எழுதியிருக்கிறதே, அது அவள் கட்டில், அவள் அலமாரி, அவள் டம்ளர். பொய் சொல்லி வாங்கிய காகிதத்தை வைத்துக்கொண்டு தினமும் அந்த நடுக்கத்தையே கவனித்துப் படுத்திருக்கவேண்டும்.

"நிக்கும் மேடம்" என்றாள்.

மேஜைக்குக் கீழே ரேடியோ அவள் காலை மிதித்தார்.

"போன மாசம்கூட நின்னுச்சு. புது மிஷின் வந்தா குறையும். ஆனா அதுவும் என்னைக்காவது நிக்கத்தான் செய்யும். என்னங்க, காலை எடுங்க, வலிக்குது."

ரேடியோ காலை எடுத்துக்கொண்டார். வக்கீல் லேப்டாப்பைப் பார்ப்பது போல் சிரிப்பை மறைத்தார். மேடம் சிரிக்கவில்லை.

"இதைக் கேட்டப்புறம் நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

"நிக்காதுன்னு யார் சொன்னாலும் போட்டுடாதீங்க மேடம். ஓடற எல்லா மிஷினும் நிக்கும். நின்னா என்ன பண்றதுன்னுதானே எழுதணும்?"

வக்கீலின் விரல்கள் மேலே எழும்பி நின்றன. "நின்னா என்ன பண்ணுவீங்க?"

அண்ணி அதை யோசித்திருக்கவில்லை. அந்த ஊர்ப்பக்கம் இன்னொரு ஐஸ் ஆலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாய் முந்திக்கொண்டது. "மேட்டு ஆலையிலேர்ந்து வாங்கிக் கொடுப்போம்."

ரேடியோ கையிலிருந்த பிளாஸ்க் கீழே விழுந்து ஐஸ் துண்டுகள் தரையெல்லாம் ஓடின.

வக்கீலுக்கு அவர்கள் வீட்டுக் கதை தெரியுமா என்ன. உற்சாகமாகத் தட்ட ஆரம்பித்துவிட்டார். மேலே தலைப்பு வேறு போட்டார்: மிஷின் நின்றால். நிற்கிற நாளில் காலையிலேயே கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, மேட்டு ஆலையிலிருந்து அதே அளவு ஐஸை வரவழைத்துக் கொடுத்தால் அது தவறியதாக ஆகாது. "ஆனா மேட்டு ஆலைக்காரர் இதுல கையெழுத்துப் போடணும். இல்லன்னா இது வெறும் பேச்சு" என்றார்.

"பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு" என்றாள் மேடம். "ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குச் சமயத்துல ஐஸ் குடுப்பாரா? நான் பாத்ததில்ல. அடுத்த வாரம் ஒரு நாள் பார்வைக்கு ஐஸ் அனுப்புங்க. அதுக்குள்ள அவர் கையெழுத்தையும் வாங்கிட்டு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

அன்று மத்தியானம் வீட்டில் டம்ளர் பட்ட பாடு சொல்லமுடியாது. அவித்த முட்டையை மசித்து, ஆறிய பாலில் ரொட்டியை ஊறவைத்து அண்ணி அவர் முன்னால் வைத்தாள். ரேடியோ சாப்பிடாமல் தட்டினார். மேட்டைக் காட்டினார். மூக்கை உயர்த்திக் காட்டினார். கழுத்தை அறுப்பது போல் காட்டினார்.

"புரியுது. மேட்டுக்காரர் திமிர் பிடிச்சவர், கழுத்தை அறுப்பாரு. அதானே? ஏன் அப்படி ஆச்சு? சங்கத்துக் கூட்டத்துல அத்தனை பேர் முன்னாடி யாரு பேசினது?"

ரேடியோ முட்டையைப் பார்த்தார்.

"'மேட்டு ஐஸை உடைச்சா நடுவுல மீன் வளர்க்கலாம்'னு சொன்னது நானா? அன்னையிலேர்ந்து அந்த மனுஷன் நம்ம தெருவழியா போறதுகூட இல்ல."

ஐஸ் சரியாக உறையாவிட்டால் கட்டியின் நடுவில் தண்ணீர் நிற்கும். அந்தத் தொழிலில் அதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. கொழுந்தன் அதை நினைத்துச் சிரிக்கப்போய், அண்ணி பார்த்த பார்வையில் இருமலாக மாற்றிக்கொண்டான்.

"நாளைக்கு மேட்டுக்குப் போறோம். நீங்களும் வரீங்க" என்றாள் அண்ணி. "உங்களால பேசமுடியாதுங்கறதுதான் நமக்கு இருக்கற ஒரே பலம்."

மேட்டுக்காரரின் ஆலையிலும் வாசலெல்லாம் ஈரம். சாய்பலகையில் கட்டிகள் வழுக்கி வந்து சாக்கு மேல் சேர்ந்துகொண்டிருந்தன. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொக்கியோடு நின்றார். பெரிய உருவம். இவர்களைப் பார்த்ததும் கொக்கியைக் கீழே வைத்தார். வாங்க என்று சொல்லவில்லை. ஆனால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அண்ணி வரைவை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்து மாட்டிக்கொண்டு, உதடு அசைய முழுசாகப் படித்தார். அண்ணி காத்திருந்தாள். கொழுந்தன் வாயைத் திறக்கப் போனான். அண்ணி அவன் பக்கம் திரும்பியதும் மூடிக்கொண்டான்.

"இந்தக் கம்பெனி முதல்ல என்னைத்தான் கூப்பிட்டாங்க, தெரியுமா தங்கச்சி?"

அண்ணிக்குத் தெரியாது.

"நான் வேணாம்னுட்டேன். இதோ, ஒரு நாள் தவறினா சொத்தை எடுப்போம்னு ஒரு வரி. அதைப் பாத்ததும் கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துட்டேன். மிஷின் நிக்கும்னு சொல்ல எனக்கு வாய் வரல. கௌரவம். நீங்க எப்படிச் சொன்னீங்க?"

"பயத்துலதான் அண்ணே சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, நான் இப்ப நேரா போயி, இதே வரியை எனக்கும் எழுதிக் குடுங்கன்னு கேட்டா?"

"கேக்கலாம் அண்ணே. நாங்க தடுக்கவா முடியும்."

"என் மிஷின் நின்னா நீங்க குடுப்பீங்களா? அது இதுல இல்லையே."

அண்ணிக்கு முகத்தில் அறைந்தது போலாயிற்று. தன் மிஷினைப் பற்றியே யோசித்து, இந்த மனிதருக்கும் ஒரு மிஷின் இருக்கிறது என்பதை மறந்தேபோயிருந்தாள். "தப்புதான் அண்ணே. எழுதச் சொல்றேன். நீங்க யாருக்கு அனுப்பச் சொன்னாலும் உங்க பேருல எங்க ஐஸ் போகும்."

"உங்க வீட்டுக்காரர் ஒத்துக்கணுமே. என் ஐஸ்ல மீன் வளர்க்கறவராச்சே."

எல்லோரும் ரேடியோவைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். சாய்பலகையில் வந்து நின்ற கட்டியிடம் போய், அங்கே கிடந்த உளியை எடுத்தார். அவர் கட்டியை நட்டநடுவில் பிளந்தார். உள்ளே கண்ணாடி மாதிரி கெட்டியாக இருந்தது. நடுவிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடிச் சப்பினார். அப்புறம் மேட்டுக்காரர் முன்னால் வந்து இரண்டு கையையும் கூப்பினார்.

மேட்டுக்காரருக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. ஆட்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "இந்த மனுஷன் வாயை மூடிட்டு இருந்தா எவ்வளவு நல்லவரா இருக்காரு" என்றார். ரேடியோவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

ஆனாலும் அவர் கையெழுத்துப் போடவில்லை. "பேப்பரை வச்சுட்டுப் போங்க. என் மிஷின் விஷயத்தையும் சேர்த்து எழுதட்டும். யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

பார்வைக்கு ஐஸ் அனுப்பவேண்டிய நாள் வந்தது. மேட்டிலிருந்து பதில் வரவில்லை. அன்றைக்கென்று காற்றே இல்லை. தார்ச்சாலை இளகி வண்டிச் சக்கரத்தில் ஒட்டியது. விடிகாலையிலேயே படகுக்காரர்கள் வந்து இருப்பிலிருந்த கட்டிகளை எல்லாம் எடுத்துப் போய்விட்டார்கள். கம்பெனிக்கான கட்டிகள் தொட்டியில் உறைந்துகொண்டிருந்தன. மதியத்துக்குள் தயாராகிவிடும்.

அண்ணி மாடியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். பாலை ஊற்றும்போது அடுப்பு மேடையில் இருந்த டம்ளரின் நடுக்கம் நின்றது. நின்றதும் அவள் படியில் பாதி தூரம் இறங்கியிருந்தாள். அடுப்பை அணைத்தது ஞாபகமில்லை.

மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். வால்வுத் தகடு உடைந்துவிட்டது, வெளியூரிலிருந்துதான் வரவேண்டும், இன்றைக்கு ஆகாது. ஒரு கேனைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஓரமெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. நடுவில் தண்ணீர் தளும்பியது. ரேடியோ அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க அண்ணிக்குப் பாவமாக இருந்தது. ஆட்கள் கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். அவர்கள் சும்மா நின்று அவள் பார்த்ததே இல்லை.

அவள் போனை எடுத்தாள்.

"அண்ணே, எங்க மிஷின் நின்னுடுச்சு."

அந்தப் பக்கம் மேட்டு ஆலையின் சத்தம் கேட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"நான் இன்னும் கையெழுத்துப் போடலையே தங்கச்சி."

"தெரியும் அண்ணே."

கொழுந்தன் பக்கத்தில் நின்றுகொண்டு, விலை கூடப் போட்டுத் தருவதாகச் சொல்லுங்கள், ஏதாவது சொல்லுங்கள் என்று கையை ஆட்டினான். அண்ணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பேசாமல் நின்றாள். அவர் யோசிக்கிற மனிதர். யோசிக்கட்டும். அவளுடைய வீடும் ஆலையும் அந்தப் பதில் வராத போனுக்குள் இருந்தன.

"வண்டியை எங்க அனுப்பணும்?" என்றார் மேட்டுக்காரர். "உங்க ஆலைக்கா, நேரா கம்பெனிக்கா? உங்க ஆலைக்கு வந்து போனா வீணா கரையும்."

போனைக் கொழுந்தன் வாங்கித்தான் கம்பெனிக்கு என்று சொன்னான். அவள் நனைந்த தரையிலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதும் முதல் வேலையாகக் கம்பெனிக்குப் போன் போட்டு, மிஷின் நின்ற விஷயத்தைச் சொன்னாள். சரி, வாங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள் மேடம்.

அவர்கள் போய்ச் சேரும்போது மேட்டு ஆலை வண்டி கேட்டில் நின்றது. மேட்டுக்காரரே ஓட்டி வந்திருந்தார். மேல் தார்ப்பாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேடமும் வக்கீலும் இறங்கி வந்தார்கள். சீட்டுக்குக் காத்திருக்காமல் வண்டியை உள்ளே விடச்சொல்லி, தராசில் ஏற்றச்சொன்னாள் மேடம். எடையில் குறைவில்லை. ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தாள். கெட்டி.

"இது உங்க ஐஸ் இல்ல" என்றாள் அண்ணியிடம்.

"இல்ல மேடம். அண்ணனோடது."

மேடம் மேட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதானே முதல்ல வேணாம்னு சொன்னவர்? நல்ல ஐஸா இருக்கே. சொல்ற நேரத்துக்கு வந்துட்டீங்க. எதுக்கு நடுவுல ஒருத்தங்க? இந்த வரியை உங்களுக்கும் எழுதித் தரோம். நேரா நீங்களே குடுங்களேன்."

கொழுந்தன் முகம் செத்துப்போயிற்று. ரேடியோவின் கை அண்ணியின் கையைத் தேடிப் பிடித்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐஸ் தண்ணீர் ஓடிவந்து அவள் செருப்பை நனைத்தது. இந்த மனிதர் ஆமாம் என்றால் அதில் ஒரு தப்பும் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மேட்டுக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். "என் மிஷினும் நிக்கும் மேடம். இவங்க சொன்னாங்க, நான் சொல்லல. அவ்வளவுதான் வித்தியாசம். இவங்க சொல்லலன்னா இப்படி ஒரு வரியே இருந்திருக்காது. நான் பேனா இல்லாம வந்துட்டேன். யாராவது குடுங்க."

வக்கீல் தன் பையிலிருந்து பேனாவை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அவர் மிஷினுக்கான வரியும் சேர்த்திருந்த காகிதத்தை வண்டி பானெட்டின் மேலேயே வைத்து மேட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். ஈரக்கையால் ஓரத்தில் ஒரு கறை பட்டது. வேறு பிரதி எடுக்கட்டுமா என்று கேட்ட வக்கீலிடம், வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றாள் மேடம்.

கம்பெனி மாடியறையில் உட்கார்ந்து ஒப்பந்தத்தைத் திரும்பப் படித்தபோது விலை இருந்த இடத்தில் அண்ணி நின்றாள். கொழுந்தன் முதலில் எழுதிக்கொண்டு போன விலை அது.

"மேடம், இது தப்பாப் போட்டிருக்கு. எங்க தம்பி ரெண்டு தடவை குறைச்சாரே."

"அவர் குறைச்சாரு. நான் கேக்கலையே" என்றாள் மேடம். "ரெண்டு ஆலையோட ஐஸ் எனக்கு ஒரே கையெழுத்துல கிடைக்குது. அதுக்கு இந்த விலை சரிதான். போடுங்க."

அண்ணி கையெழுத்துப் போட்டாள். அந்த மேடத்துக்கு, வாக்கியம் எழுதித் தந்த வக்கீலுக்கு, வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நிற்கிற மேட்டுக்காரருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. எல்லோருக்கும் டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டாள். அங்கேயே டீ இருக்கிறது என்று மேடம் வரவழைத்தாள். ரேடியோ தன் டீயை ஆறவைத்து, அதில் ஒரு துண்டு ஐஸைப் போட்டுக் குடித்தார். மேட்டு ஐஸ்தான்.

பேங்கில் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்கள். புது மிஷின் வந்து இறங்கியது. பழசு அளவுக்குச் சத்தம் போடாததால் முதல் சில நாள் அண்ணிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. டாக்டர் அனுமதித்து ரேடியோவும் பேச ஆரம்பித்தார். குரல் கரகரத்துத்தான் வந்தது. முன்பு மாதிரி நாள் முழுக்க ஓடவில்லை. ஆனால் யார் வந்தாலும் மேட்டுக்காரர் பேனா கேட்ட கதையைச் சொல்லாமல் விடமாட்டார். துறைமுகத்தில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

அண்ணிக்குக் கதை சொல்லிப் பழக்கமில்லை. அவளுக்குள் அது கிடந்து கனத்தது. ஒரு நாள் வீட்டில் செய்த ரொட்டியைக் கொடுத்தனுப்பினாள். மேட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தில் நாலு முட்டையை வைத்துத் திருப்பியனுப்பினார். அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் போனாள். போவதற்குள் காய்ச்சல் விட்டுவிட்டது. அந்த மனிதருக்கு எதுவுமே தேவைப்படவில்லை. "இப்படி நல்லா இருந்தா நான் என்னதாங்க பண்றது" என்று ரேடியோவிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் போன் வந்தது. எடுத்த கொழுந்தன் கேட்டுவிட்டு, போனை மார்போடு வைத்துக்கொண்டு ஆலைக்குள் ஓடிவந்தான்.

"அண்ணி, மேட்டுல மிஷின் நின்னுடுச்சாம். அங்க வாசல்ல ஐஸுக்குப் படகுக்காரங்க வந்து நிக்கறாங்களாம்."

ஆலையே பரபரத்தது. ஆட்கள் கேட்காமலேயே சங்கிலியை இழுத்தார்கள். ஒருவன் விசிலடித்தான். "அவர் மிஷின் நின்னுபோயிருக்கு, இங்க என்னடா கொண்டாட்டம்" என்று கரகரத்த குரலில் அதட்டிய ரேடியோ, தானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொக்கியைப் பிடித்தார். அவர் கொக்கி பிடித்து யாரும் பார்த்ததில்லை. தார்ப்பாயை இரண்டாக மடித்துப் போட்டார்கள். அண்ணி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

மேட்டு ஆலை வாசலில் அவர் மழையில் நனைந்துகொண்டு நின்றார். கையெல்லாம் மிஷின் எண்ணெய். முகத்தில் பெரிய கவலை. வண்டி வந்து நின்றதும் கிட்டே வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிம்மா. காலங்காத்தால தொந்தரவு குடுத்துட்டேன்."

"நீங்க நன்றி சொல்லாதீங்க அண்ணே" என்றாள் அண்ணி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உங்க மிஷின் எப்ப நிக்கும் எப்ப நிக்கும்னு எத்தனை நாளா வேண்டிக்கிட்டிருந்தேன் தெரியுமா?"

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். அப்புறம் ஜன்னலை விட்டுவிட்டு, கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தார்.